நானூற்றுப் பதினேழாம் நம்பர் மாப்பிள்ளை

"இதை இப்ப எங்கே விடறது கேப்டன்?"

ஆராய்ச்சிக்காரி இரண்டு கைகளாலும் ஒரு கலவா மீனைக் கட்டிப் பிடித்தபடி படகின் நடுவில் நின்றாள். காலில் ரப்பர் பூட்ஸ், கழுத்தில் கயிற்றில் தொங்கும் பென்சில், தலையில் கணவருடைய தொப்பி. மீனின் முதுகில் அவள் சற்று முன் குத்திவிட்ட மஞ்சள் பிளாஸ்டிக் சீட்டு, 417 என்ற எண்ணோடு, காற்றில் படபடத்தது. மீனும் படபடத்தது. எல்லாவற்றையும்விட அதிகமாகப் படபடத்தது அவள்தான்.

ஸ்டியரிங் அறையின் ஜன்னல் வழியே கேப்டன் தலையை நீட்டினார். முப்பது வருஷமாக மீன் பிடிப்பவர். மீனைக் கையில் வைத்துக்கொண்டு இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

"உங்க மேஜை பக்கத்துல வட்டமா ஒரு ஓட்டை இருக்கு பாருங்க. அதுல விடுங்க."

"அடிபடாம போகுமா?"

"வழவழன்னு குழாய் மேடம். சறுக்கிக்கிட்டே போயிடும்."

அவளுக்கு அது பெரிய நிம்மதி. படகின் பக்கச் சுவரோரம் போய்க் கடலை எட்டிப் பார்த்தாலே வயிறு தொண்டைக்கு வந்தது. காலையிலிருந்து இரண்டு முறை எட்டிப் பார்த்தாள், இரண்டு முறையும் கடலுக்கு ஏதோ கொடுத்துவிட்டுத்தான் திரும்பினாள். "பஸ்ஸுல நாலு ஸ்டாப் போனாலே எலுமிச்சம்பழம் மோந்துக்கிட்டு வர்றவ, நீ கடலுக்குப் போறியா?" என்று கணவர் கேட்டது காதில் கேட்டது. ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்காமல் பையில் போட்டு அனுப்பியவரும் அவர்தான்.

ஓட்டையின் மூடியைத் திறந்து, மீனைத் தலைகீழாக உள்ளே விட்டாள். கீழே தொபுக்கென்று சத்தம் கேட்டது.

"போயிட்டு வா" என்றாள்.

சொன்ன வார்த்தை பலிக்கும் என்பார்கள். யாரும் அன்றைக்கு அதை நினைத்துப் பார்க்கவில்லை.

அவள் மீன்வள ஆராய்ச்சி அலுவலகத்தில் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறாள். ஆறு வருஷமும் அவள் பார்த்த மீன்களெல்லாம் பாட்டிலுக்குள் இருந்தவை. பாட்டில் அறை என்றே அதற்குப் பெயர். ஜன்னல் கிடையாது. மருந்து நெடியில் மிதக்கும் மீன்களை எடுத்து அளந்து, எழுதி, திரும்பப் போட்டு மூட வேண்டும். வழக்கமாகக் கடலுக்குப் போகும் அதிகாரி மாடிப்படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டதால், வேறு வழியில்லாமல் இயக்குநர் இவளைக் கூப்பிட்டார்.

"ஒரே ஒரு நாள். எட்டு இடம். ஒழுங்கா முடிச்சிட்டு வந்தா இனிமே கடல் வேலை உனக்குத்தான். சொதப்பினா பாட்டில் அறையோட சாவியை உன் கழுத்துலேயே மாட்டிடுவேன், தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சார்" என்றாள். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை.

அலுவலகத்தின் சொந்தப் படகு பழுது பார்க்கப் போய் நாலு வருஷம் ஆகிறது, இன்னும் திரும்பவில்லை. அதனால் ஒரு மீன்பிடிப் படகையே ஒரு நாளைக்கு அமர்த்தியிருந்தார்கள். படகில் மூன்று பேர். கேப்டன், மெக்கானிக், சமையல்காரர். சமையல்காரருக்குச் சமையல் ஒரு மணி நேர வேலை. மற்ற நேரமெல்லாம் வலையை அவிழ்ப்பது, மீனைப் பிரித்துக் கூடையில் போடுவது, கீழே அறைகளைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர்தான். ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, சாது.

படகு கிளம்பும்போதே கேப்டன் அவருக்கு ஒரு கட்டளை போட்டிருந்தார். "மேடம் நம்பர் எழுதுற வேலை பாக்குறாங்க. நீ குறுக்கே பேசினா நம்பர் தப்பிடும். அவங்களா கேட்டாத்தான் வாயைத் திறக்கணும். புரியுதா?"

சமையல்காரர் தலையாட்டினார். அன்று பகல் முழுக்க அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கேப்டனுக்கும் ஆராய்ச்சிக்காரிக்கும் முதல் இடத்திலேயே முட்டிக்கொண்டது. அவள் விரித்த வரைபடத்தில் எட்டுப் புள்ளிகள் இருந்தன.

"இந்தப் புள்ளியை யாரு வெச்சது? கொசு கடிச்ச மாதிரி அங்கங்கே இருக்கு."

"கம்ப்யூட்டர் வெச்சது கேப்டன்."

"அதுக்குக் கடல் தெரியுமா? இங்கே மீனே கிடையாது. ரெண்டு மைல் தள்ளிப் போட்டா அள்ளலாம்."

"நான் அள்ள வரலை. எண்ண வந்திருக்கேன். ஒவ்வொரு புள்ளியிலயும் அரை மணி நேரம், ஒரே வேகம். இருந்தாலும் இல்லைன்னாலும் அங்கேதான்."

"இல்லாத மீனை எப்படி எண்ணுறது?"

"பூஜ்யம்னு எழுதுவேன்."

"பூஜ்யம் எழுதறதுக்குப் படகு எதுக்கு மேடம்? வீட்ல ஃபேனைப் போட்டுக்கிட்டே எழுதலாமே" என்று சொல்லிவிட்டு வலையை இறக்கச் சொன்னார்.

வலை மேலே வந்தபோது அவள் வாதத்தையெல்லாம் மறந்துபோனாள். பாட்டிலில் எல்லா மீனுக்கும் ஒரே நிறம், பழைய பழுப்பு. இங்கே ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில் துள்ளியது. ஒரு சின்ன மீனின் விலாவில் நீலக் கோடு ஒன்று மூச்சு விடும்போதெல்லாம் மின்னி மின்னி அணைந்தது. ஆறு வருஷமாக அந்த மீனை அவள் அளந்திருக்கிறாள். அதற்கு நீலக் கோடு உண்டென்று அவளுக்குத் தெரியாது. கண் கலங்கிவிட்டது. உப்புக் காற்று என்று சொல்லிக்கொண்டாள்.

அந்தக் குவியலில் இருந்த ஒரே கலவாதான் 417. சீட்டுக் குத்தித் திரும்ப விட வேண்டியது கலவாக்களை மட்டும்தான். எங்கே போகிறது, எவ்வளவு தூரம் போகிறது என்று கண்டுபிடிக்க. மற்றவை அளந்த பிறகு ஐஸுக்குப் போய்விடும். 417-இன் நீளம் ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர், பழுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளிகள், வலது பக்கத் துடுப்பில் பிறை போல ஒரு வெட்டு. எழுதிக்கொண்டாள். ஓட்டையில் விட்டாள்.

இரண்டாவது புள்ளி அங்கிருந்து ஐந்து மைல். வலை வந்தது, சமையல்காரர் பிரித்துக் கூடை கூடையாகக் கொண்டுவந்து மேஜையோரம் வைத்தார். மூன்றாவது கூடையை நனைந்த கையோடு தனியாகக் கொண்டுவந்து, உப்பு டப்பாவை வைப்பதுபோல வைத்துவிட்டுப் போனார்.

அதில் ஒரு கலவா இருந்தது. முதுகில் மஞ்சள் சீட்டு.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். 417. அளந்தாள். ஐம்பத்திரண்டு. துடுப்பைப் புரட்டினாள். பிறை வெட்டு.

"கேப்டன்!"

கேப்டன் வந்து பார்த்தார். மெக்கானிக் எண்ணெய்க் கையோடு வந்து பார்த்தார்.

"அதே மீனா?" என்றார் மெக்கானிக்.

"அதேதான். அஞ்சு மைல் வந்திருக்கு. படகுக்கு முன்னாடியே!"

கேப்டன் தாடையைச் சொறிந்தார். "நாம போற வழியில அதுவும் போயிருக்கும். கடல்ல இதெல்லாம் சகஜம்."

சகஜம் என்று அவர் சொன்னாலும் குரல் சகஜமாக இல்லை. அவளுக்கோ உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆனாலும் ஆராய்ச்சிக்காரி அல்லவா? சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மீனை மறுபடி ஓட்டையில் விட்டாள். தொபுக்.

"கேப்டன், மூணாவது புள்ளி வேண்டாம். நேர் எதிர்ப் பக்கம் ஆறாவது புள்ளிக்கு விடுங்க."

"அது பதினோரு மைல்!"

"தெரியும். வேகமா விடுங்க. நாம போற வழியில போகுதுன்னா, இப்ப நாம வழியை மாத்திட்டோமில்ல?"

"கம்ப்யூட்டர் கோவிச்சுக்காதா?"

"நான் சமாளிச்சுக்கறேன்."

இப்படித்தான் அன்றைய ஆராய்ச்சி தடம் புரண்டது. படகு உறுமிக்கொண்டு போனது. ஆறாவது புள்ளியில் வலை இறங்கி, அரை மணி கழித்து ஏறியது. சமையல்காரர் மூன்று கூடை கொண்டுவந்தார். பிறகு கீழே போனார். பிறகு நாலாவது கூடையோடு வந்தார்.

417.

மூவரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது, ஏதோ சொல்ல வந்து மறந்ததுபோல.

"ஒன்றரை மணி நேரத்துல பதினோரு மைல்" என்றாள் அவள். "கலவா ஒரு பாறையை விட்டு இன்னொரு பாறைக்குப் போறதுக்கே நாலு நாள் யோசிக்கும்னு புத்தகத்துல இருக்கு."

"பஸ் பிடிச்சு வந்தாத்தான் உண்டு" என்றார் மெக்கானிக்.

கேப்டன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். "முப்பது வருஷமா மீன் என்னைப் பார்த்து ஓடித்தான் பார்த்திருக்கேன் மேடம். தேடிக்கிட்டு வர்றதை இப்பத்தான் பாக்குறேன்."

"மாமியார் வீட்டு ருசி கண்ட மாப்பிள்ளை மாதிரியில்ல வருது!" என்றார் மெக்கானிக். அந்த நிமிஷத்திலிருந்து 417-க்கு மாப்பிள்ளை என்று பெயர் நிலைத்துவிட்டது.

அவள் வயர்லெஸ்ஸில் இயக்குநரைக் கூப்பிட்டாள்.

"சார், ஒரு மீன் திரும்பித் திரும்பி வருது சார்."

"மாத்திரை போட்டியா? தலை சுத்தலுக்குக் கொடுத்தனுப்பினேனே?"

"தலை சுத்தலை சார். அதே சீட்டு, அதே நீளம், அதே வெட்டு. மூணு இடத்துல."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு இயக்குநரின் குரல் மாறியிருந்தது.

"உலகத்துல எங்கேயும் இப்படிப் பதிவே இல்லையேம்மா. சீட்டு ஒண்ணு போதாது. வால்ல சிவப்புச் சீட்டு இன்னொண்ணு போடு. அப்புறம் அது வரவே கூடாத இடமாப் பார்த்துப் போ. அங்கேயும் வந்துதுன்னா, நானே படகுத் துறை ஜெட்டிக்கு வர்றேன்."

சிவப்புச் சீட்டையும் குத்தினாள். "மாப்பிள்ளைக்கு ரெண்டாவது மாலை" என்றார் மெக்கானிக். ஓட்டையில் விட்டாள். தொபுக்.

"கலவா வரவே வராத இடம் எது கேப்டன்?"

கேப்டனுக்கு இப்போது அவளைவிட வேகம் வந்துவிட்டது. "சேத்துக் குழி! கலவா பாறைக்காரன் மேடம். சேத்துல தலை வெச்சுக்கூடப் படுக்க மாட்டான். என் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அங்கே வலை போட்டிருக்கேன், ஒரு கலவாவைப் பார்த்ததில்லை."

சேற்றுக் குழி வரைபடத்தின் எட்டுப் புள்ளிகளில் ஒன்றுகூட இல்லை. அவள் அதைக் கவனித்தாள். கவனித்தும் போனாள். மனது அப்படி ஒரு நிலையில் இருந்தது. பாட்டில் அறை, சாவி, கழுத்து எல்லாம் எங்கோ தூரத்தில் கரைக்கோடு மாதிரி மங்கிப் போயிருந்தன. முழு வேகத்தில் ஓட்டியதில் எஞ்சின் சூடாகிப் புகைந்தது. மெக்கானிக் அதன்மேல் ஈரச் சாக்கைப் போட்டு, காய்ச்சல் குழந்தையைப் பார்த்துக்கொள்வதுபோலப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

சேற்றுக் குழியில் வலை முழுக்கச் சேறு. நாலு நண்டு, ஒரு கிழிந்த செருப்பு. அவள் முகம் வாடிவிட்டது. பிறகு சமையல்காரர் சட்டைக் கை முழங்கை வரை ஈரமாக மேலே வந்து, கூடையைப் பணிவாக வைத்தார்.

மஞ்சளும் சிவப்புமாக, இரண்டு சீட்டோடு, மாப்பிள்ளை. உடம்பில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

"சேத்துல வந்தும் சேறு ஒட்டலை பாருங்க" என்று கேப்டன் கிசுகிசுத்தார். கை கூப்பாத குறைதான்.

இயக்குநர் வயர்லெஸ்ஸில் கத்தினார். "போட்டோ எடு! தலைமை அலுவலகத்துல இருந்து நாலு பெரியவங்க இன்னிக்கு இங்கே வந்திருக்காங்க. அவங்ககிட்டச் சொல்லிட்டேன். நீ மீனைத் திரும்ப விடற மாதிரி ஒரு போட்டோ வேணும்."

ஓட்டைக்குள் மீனை விடுவது போட்டோவுக்கு நன்றாக இருக்காது என்று மெக்கானிக் சொன்னார். சாக்கடையில் எதையோ போடுவதுபோல இருக்குமாம். அதனால் அவள் எலுமிச்சம்பழத்தை ஒரு முறை ஆழ மோந்துகொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, பக்கச் சுவரோரம் போய் நின்றாள். வயிறு தொண்டைக்கு வந்தது. வரட்டும் என்று விட்டாள். மீனை இரண்டு கைகளில் ஏந்தினாள். அதன் கண் பொன் நிறத்தில் அவளையே பார்த்தது. பாட்டிலில் இருக்கும் கண்கள் யாரையும் பார்ப்பதில்லை. இவ்வளவு நேரமும் ஓட்டையில் தள்ளிவிட்டோமே, முகத்தை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"ஒன், டூ, த்ரீ!" என்றார் மெக்கானிக்.

கையை விரித்தாள். மீன் பளிச்சென்று விழுந்து, ஒரு நொடி அப்படியே மேல்தண்ணீரில் நின்றது. பிறகு வாலை ஒரு தட்டுத் தட்டி, படகுக்கு அடியில் நிழலாகப் போய் மறைந்தது. அவள் அங்கேயே நின்றாள். கடல் அவ்வளவு பெரிதாக இருந்தது, அந்த மீன் அவ்வளவு சின்னதாக இருந்தது. வயிறு குமட்டவில்லை என்பதே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

போட்டோவில் அவள் கண்ணை மூடியிருந்தாள். ஒரு மூலையில் மெக்கானிக்கின் கட்டை விரல் தெரிந்தது. மீன் மட்டும் நடுவானில் தெளிவாக விழுந்திருந்தது. கேப்டன் கைப்பேசியை வாங்கிக்கொண்டு ஸ்டியரிங் அறையின் கூரைமேல் ஏறி, இரண்டு கோடு சிக்னல் கிடைத்ததும் இயக்குநருக்கு அனுப்பிவிட்டார்.

திரும்பும் வழியில் கடைசியாக ஒரு முறை வலை போடலாம் என்று கேப்டனே சொன்னார். ஒன்பது மைல் ஓடியபின் போட்டார்கள். வலை இழுக்கும் விஞ்சு முனகிக்கொண்டே வலையை ஏற்றியது. சமையல்காரர் முடிச்சை அவிழ்த்தார், மீன்கள் சரிந்து விழுந்தன, அவர் குனிந்து பிரிக்கத் தொடங்கினார்.

திடீரென்று கூடை கை நழுவி உருண்டது. சமையல்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னய்யா ஆச்சு?" என்று கேப்டன் மேலிருந்து கத்தினார். "மேடத்தோட மீனை மிதிச்சுடாதே!"

சமையல்காரர் வாயைத் திறந்தார். கேப்டன் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். சமையல்காரர் வாயை மூடிக்கொண்டு, குவியலின் நடுவிலிருந்து இரண்டு கைகளாலும் மீனை எடுத்தார். மஞ்சள் சீட்டு. சிவப்புச் சீட்டு. மேஜையில் வைத்துவிட்டு, முகத்தைக்கூடத் துடைக்காமல், ஓரமாய்ப் போய்க் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். மத்தியானச் சாப்பாட்டைத் தொடவே இல்லை.

ஆராய்ச்சிக்காரிக்கு அழுகை வந்தது. இந்த முறை உப்புக் காற்றின் மேல் பழி போடவில்லை. "எதுக்கு இப்படி வர்றே?" என்று மீனிடம் கேட்டாள். "உனக்கு என்ன வேணும்?"

இயக்குநர் கடைசிக் கட்டளையைப் போட்டார். "உயிரோட கொண்டு வா. எல்லாரும் ஜெட்டியில நிக்கிறோம்."

"உயிரோட எப்படிக் கேப்டன் கொண்டு போறது? இன்னும் அரை மணி நேரம் இருக்கே?"

"அதுக்கென்ன மேடம், தொட்டி இருக்குல்ல? கடல் தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும். ரெண்டு நாள்கூட உயிரோட இருக்கும்."

"தொட்டியா? எங்கே?"

கேப்டன் விரலை நீட்டினார். "அதோ, உங்க மேஜை பக்கத்து ஓட்டைக்குக் கீழேதான்."

படகு ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய மூச்சு மட்டும் நின்றுவிட்டது.

"அந்த ஓட்டை... கடலுக்குப் போகலையா?"

"கடலுக்கா?" கேப்டன் அவளை விநோதமாகப் பார்த்தார். "மீன்பிடிப் படகுல மீன் திரும்பிப் போறதுக்கு யாராவது வழி வெப்பாங்களா மேடம்?"

சொல்லி முடித்த பிறகுதான் தாம் சொன்னது அவர் தலையிலேயே இறங்கியது. காலையில் அந்த ஓட்டையைக் காட்டியதே தாம்தான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் சமையல்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். தொட்டியைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான்.

"நீ... ஒவ்வொரு தடவையும்..." என்றார் கேப்டன்.

சமையல்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பேசாதே! ஒரு வார்த்தை பேசாதே!" கேப்டன் தலையில் கை வைத்துக்கொண்டு கூடைமேல் உட்கார்ந்தார். "கவுத்துட்டியேய்யா. முப்பது வருஷக் கேப்டன், ஒரு மீனுக்குத் தொப்பியைக் கழட்டிட்டேனே. ஊரே சிரிக்குமே."

அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டுப் புள்ளியில் ஐந்தில் வலையே விழவில்லை. விழுந்த மூன்றிலும் ஒரே கலவாவைத் திரும்பத் திரும்ப எழுதி வைத்திருக்கிறாள். ஜெட்டியில் நாலு பெரியவர்கள். பாட்டில் அறையின் மருந்து நெடி அங்கேயே மூக்கில் ஏறியது.

"திருப்பிடலாமா மேடம்? எஞ்சின் கெட்டுப்போச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றார் மெக்கானிக். இரக்கப்பட்டுத்தான் சொன்னார்.

"வேண்டாம். நானே சொல்லிடறேன்."

ஜெட்டியில் இயக்குநர் கைப்பேசியைப் பிடித்தபடி நின்றார். கூட நாலு பேர், இஸ்திரி போட்ட சட்டையில். எல்லார் முகத்திலும் கோயில் வாசலில் காத்திருப்பவர்களின் களை. கேப்டனும் மெக்கானிக்கும் கடல் தண்ணீர் நிரப்பிய தொட்டி ஒன்றை இறக்கி வைத்தார்கள். உள்ளே மாப்பிள்ளை இரண்டு சீட்டோடு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இதுதானா!" என்று ஒரு பெரியவர் குனிந்தார்.

"சார்" என்றாள் அவள். "அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும்."

எல்லாவற்றையும் சொன்னாள். ஓட்டை, குழாய், தொட்டி, கூடை. குரல் உடையவில்லை, ஆனால் காது இரண்டும் நெருப்பாய்ச் சுட்டது. "மீன் திரும்பி வரலை சார். போகவே இல்லை. நாலு தடவையும் தொட்டியில இருந்துதான் மேஜைக்கு வந்திருக்கு. கடல் மேல தப்பில்லை, மீன் மேல தப்பில்லை. நான் ஓட்டைக்குள்ள எட்டிப் பார்த்திருக்கணும்."

பெரியவர்களில் ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார். இன்னொருவர் மாற்றவும் முயலவில்லை. இயக்குநர் சிரிக்கவில்லை. கைப்பேசியில் இருந்த போட்டோவை ஒரு தரம் பார்த்தார், அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு, படகின் ஓரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவரைக் கூப்பிட்டார்.

"நீங்கதானே அந்தத் தொட்டிக்காரர்? நீங்கதான் எடுத்து எடுத்துக் கொடுத்தீங்களா?"

அன்றைக்கு அவரை ஒருவர் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. சமையல்காரர் கேப்டனைப் பார்த்தார்.

"கேக்குறாருல்ல, சொல்லேன்" என்றார் கேப்டன், சலிப்போடு.

"ஆமா சார்" என்றார் சமையல்காரர். "மஞ்சச் சீட்டு போட்டிருந்துச்சா, மேடத்தோட மீனு, கை நழுவித் தொட்டியில விழுந்துடுச்சுன்னு நெனச்சேன். அடுத்தவங்க பொருளாச்சே, எடுத்துக் கொண்டாந்து வெச்சேன். திரும்பவும் விழுந்துச்சு. திரும்பவும் கொண்டாந்தேன். மேடம் பாவம், பழக்கமில்லாத கைன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவர் இறங்கி வந்து, தண்ணீரில் சுற்றும் மீனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இயக்குநரின் கைப்பேசியில், நடுவானில் கடலை நோக்கி விழுந்துகொண்டிருந்த மீனின்மேல் மெல்ல விரலை வைத்தார்.

"நான் கொண்டாந்தது மூணு தடவைதான் சார். இந்தப் போட்டோவுக்கு அப்புறம் அது தானாத்தான் வந்துச்சு."